பாக்கெட் சூப்ல உப்பு எவ்ளோ இருக்குன்னு எப்படி பாக்குறது? வீகன் சாப்பாட்டுக்காரங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

கறி மீன் விட்டாச்சு, பால் தயிரும் விட்டாச்சு, ஆனா ராத்திரி ஒம்போது மணிக்கு வேலை முடிஞ்சு வந்து கீரை ஆய தெம்பு இல்ல, அப்போ கைக்கு வர்றது ஒரு சூப் பாக்கெட்தான். காய்கறி படம் போட்டிருக்கு, பச்சை புள்ளி இருக்கு, அப்புறம் என்ன கெடுதல்னு கேட்டா, உப்புல இருக்குற சோடியம்தான், அது ஜாஸ்தியானா பிபி ஏறும். இந்தியாவுல விக்கிற பவுடர் பாக்கெட், அமெரிக்கா லண்டன் கனடாவுல இருக்குறவங்க வாங்குற டின் சூப், ரெண்டுக்கும் சேத்துதான் இங்க பதில் சொல்லிருக்கேன். கிட்னி, ஹார்ட் பிரச்சனை இருக்குறவங்களுக்கு டாக்டர் ஒரு அளவு சொல்லிருப்பாரு, அவங்க அதத்தான் பாக்கணும், இத இல்ல.

ஒரு நாளைக்கு எவ்ளோ சோடியம் வரைக்கும் போகலாம்?

உலக சுகாதார நிறுவனம் சொல்றது 2000 மில்லிகிராமுக்கு கீழ. உப்பா சொன்னா 5 கிராம், அதாவது தலைதட்டின ஒரு டீஸ்பூனுக்கும் கொஞ்சம் கம்மி. நம்ம ஹைதராபாத்துல இருக்குற தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் அதே 5 கிராம்தான் சொல்லுது. அமெரிக்காவுல அரசாங்க கணக்கு 2300 மி.கி., அங்க இருக்குற ஹார்ட் அசோசியேஷன் பெரும்பாலான பெரியவங்களுக்கு 1500தான் நல்லதுன்னு இன்னும் இறுக்கி பிடிக்குது.

இதுல ஒண்ணு கவனிங்க, இந்த 2000ங்கிறது பாக்கெட்டுக்கு மட்டும் இல்ல. காலைல இட்லி மாவுல போட்ட உப்பு, சாம்பார், ஊறுகாய், சாயங்காலம் சாப்பிட்ட முறுக்கு எல்லாமே இதுக்குள்ளதான். ஐசிஎம்ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில், 2017-18ல எடுத்த சர்வேல இந்தியாவுல பெரியவங்க சராசரியா ஒரு நாளைக்கு 8 கிராம் உப்பு சாப்பிடுறாங்கன்னு வந்துச்சு, ஆம்பளைங்க 8.9, பொம்பளைங்க 7.1. அப்போ சூப்பே குடிக்காம நம்மள்ல முக்காவாசி பேரு ஏற்கனவே கோட்ட தாண்டித்தான் நிக்கிறோம்.

லேபிள்ல சில இடத்துல சோடியம், சில இடத்துல உப்புன்னு போட்டிருக்கே, எத பாக்கணும்?

இந்தியா, அமெரிக்கா, கனடா பாக்கெட்ல சோடியம் மில்லிகிராம்ல இருக்கும். பிரிட்டன், ஐரோப்பா பாக்கெட்ல உப்பு கிராம்ல இருக்கும். உப்புல சுமார் 40% சோடியம், அதனால 1 கிராம் உப்புன்னா 400 மி.கி. சோடியம்னு வச்சுக்கோங்க. லண்டன் டின்ல 100 கிராமுக்கு 0.6 கிராம் உப்புன்னு பாத்துட்டு அட கம்மிதானேன்னு தோணும், ஆனா 400 கிராம் டின்ன முழுசா சூடு பண்ணி குடிச்சா 2.4 கிராம் உப்பு, சோடியமா 960. ஒரு நாள் கணக்குல பாதி போச்சு.

சூப் பவுடர் பாக்கெட் பின்னாடி 100 கிராமுக்கு சோடியம் 5000னு இருந்துச்சு, பயந்து கீழ வச்சுட்டேன். சரிதானா?

பயப்பட வேண்டிய எண் அது இல்ல, வேற எண். 100 கிராம்ங்கிறது தண்ணி கலக்காத பவுடர், அத யாரும் அப்படியே தின்னப்போறதில்ல. இந்தியாவுல லேபிள்ல 100 கிராமுக்கோ 100 மில்லிக்கோ கணக்கு கொடுக்கணும்னு சட்டம், கூடவே ஒரு சர்விங் (ஒருத்தர் ஒரு தடவ சாப்பிடுறதுன்னு கம்பெனி வச்சிருக்குற அளவு) சாப்பிட்டா ஒரு நாள் அளவுல எத்தன சதவீதம் போகும்னும் போடணும், அந்த சதவீதம் 2000 மி.கி. சோடியத்த வச்சு போட்டது.

ஒரு உதாரணம் போட்டு பாக்கலாம். பாக்கெட் 48 கிராம், நாலு பேருக்குன்னு எழுதிருக்கு, 100 கிராமுக்கு 5000. ஒருத்தருக்கு 12 கிராம் பவுடர், அப்போ 600 மி.கி., அதாவது 30%. பாக்கெட் மொத்தம் 2400. இப்போ உண்மைய சொல்லுங்க, அந்த பாக்கெட்ட நாலு பேருக்கா ஊத்துறீங்க? வீட்ல ரெண்டு பேரு இருந்தா ரெண்டு பெரிய கப்பா ஊத்தி ஆளுக்கு ஒண்ணு எடுத்துட்டு டிவி முன்னாடி உக்காந்துருவோம், ஆளுக்கு 1200 உள்ள போச்சு. அதனால என் பழக்கம் என்னன்னா சர்விங் சைஸ் வரிய பாக்குறதே இல்ல, பாக்கெட் மொத்தத்துக்கும் சோடியம் எவ்ளோன்னு முதல்ல கணக்கு போட்டு அத எத்தன பேரு குடிக்கப் போறோமோ அத்தனையால வகுத்துருவேன். கம்பெனி நாலுன்னு எழுதுறது அவங்க வசதி, வீட்ல எத்தன கப்புன்னு நமக்குத்தானே தெரியும்.

அந்த சின்ன சாஷேல வர்ற ஒரு கப் சூப்புல இந்த தொல்லை இல்ல, பிரிச்சா ஒரு கப், அவ்ளோதான். ஆனா அதுல ஊத்துற தண்ணியும் கம்மி, 150 மில்லி கிட்டதான், அது பத்தலன்னு ரெண்டாவது சாஷே பிரிக்கிறவங்க ரெண்டால பெருக்கிக்கோங்க.

அமெரிக்கா டின் சூப்ல சர்விங் எப்படி புரிஞ்சுக்கறது?

அங்க 2016ல லேபிள் விதி மாத்தினப்புறம் கொஞ்சம் நிம்மதி. சூப்புக்கு ஒரு சர்விங்னா 245 கிராம், ஏறக்குறைய ஒரு கப். டின்ல இருக்குறது அதுல ரெண்டு மடங்குக்கு கம்மின்னா மொத்த டின்னையும் ஒரே சர்விங்காத்தான் காட்டணும். ரெண்டுல இருந்து மூணு மடங்குக்குள்ள இருந்தா பக்கத்துல பக்கத்துல ரெண்டு எண் வரிசை, ஒண்ணு ஒரு கப்புக்கு, இன்னொண்ணு முழு டின்னுக்கு. முழு டின்னுக்கு போட்டிருக்குற வரிசைய மட்டும் பாருங்க, ஏன்னா திறந்த டின்ன மிச்சம் வச்சு மூடி ஃபிரிட்ஜ்ல வைக்கிற ஆளு ரொம்ப அபூர்வம்.

கண்டென்ஸ்டு டின்னுங்கிறது வேற கதை. அது கெட்டி சூப், தண்ணி சேக்கணும், அதுல அரை கப்புக்குத்தான் கணக்கு போட்டிருப்பாங்க. அந்த அரை கப்போட இன்னொரு அரை கப் தண்ணி சேந்து ஒரு கப் சூப் ஆகும், சோடியம் அதேதான். தண்ணி சேத்தா சோடியம் பாதியாயிடும்னு நினைச்சுக்கிட்டு கணக்க பாதியாக்கிடாதீங்க, கப்தான் பெருசாகுது.

ப்ளான்ட் பேஸ்டு ஆளுங்க சொல்றாங்களே, கலோரிய விட சோடியம் எண் கூடக்கூடாதுன்னு, அந்த ரூல் சரியா?

பாதி சரி. ரூல் எங்க இருந்து வருதுன்னு பாருங்க. ஒருத்தர் நாளைக்கு 2000 கலோரி சாப்பிடுறாரு, சோடியம் 2000க்குள்ள இருக்கணும், அப்போ ஒவ்வொரு கலோரிக்கும் ஒரு மில்லிகிராம். பாக்கெட்ட திருப்பி ரெண்டு எண்ண மட்டும் பாத்தா போதும், சர்விங் சைஸ் எவ்ளோன்னு தலைய பிச்சுக்க வேணாம், கம்பெனி சர்விங்க சின்னதா காட்டினாலும் ரெண்டு எண்ணும் சேந்தே குறையும்ங்கிறதால ஏமாத்த முடியாது. பிரெட், சப்பாத்தி, பிஸ்கட், ரெடிமேட் சாப்பாடு இதுக்கெல்லாம் அருமையா வேல செய்யும்.

சூப்புல வந்து மாட்டிக்கும். சூப்ல பெரும்பகுதி தண்ணி, கலோரியே இருக்காது. மேல சொன்ன உதாரணத்துல 12 கிராம் பவுடர்ல 40 கலோரி கிட்ட வரும், சோடியம் 600, அதாவது 15 மடங்கு. சரி அது மோசமான சூப், ஃபெயில் ஆகட்டும். ஆனா இத பாருங்க, 100 கிராம் பச்சை பாலக்கீரைல 23 கலோரி, சோடியம் 79, கீரைலயே இயற்கையா இருக்குறது. உப்பே போடாம வேக வச்சு அரச்சு குடிச்சாலும் மூணு மடங்குக்கு மேல. செலரிக்கு அஞ்சு மடங்கு. பாலக்கீரை தின்னு பிபி வந்தவங்கன்னு யாரையும் நான் கேள்விப்பட்டதில்ல, ஆனா ரூல் படி கீரை ஃபெயில்.

இன்னொரு பக்கமும் ஓட்டை இருக்கு. அந்த 600 மி.கி. சூப்புல ரெண்டு டேபிள்ஸ்பூன் எண்ணெய் ஊத்துங்க, 240 கலோரி ஏறிடும், 15 மடங்கா இருந்தது இப்போ ரெண்டு மடங்கு சொச்சம். சோடியம் ஒரு துளி குறையல, எண்ணெய்தான் சேந்துச்சு. தேங்காப்பால் ஊத்தின தாய்லாந்து மாதிரி சூப் எல்லாம் இந்த ரூல்ல நல்ல மார்க் வாங்குறது இப்படித்தான்.

அதனால நான் அந்த ரூல ஒரே மாதிரி ரெண்டு சூப்ப ஒப்பிட மட்டும்தான் வச்சுக்கறேன், பருப்பு சூப்புக்கு பருப்பு சூப், தக்காளிக்கு தக்காளி. ஒரு பருப்பு சூப்ல 180 கலோரிக்கு 700, இன்னொண்ணுல 180க்கு 350ன்னா ரெண்டாவதுதான், யோசிக்க ஒண்ணும் இல்ல. கீரை சூப்பையும் பருப்பு சூப்பையும் பக்கத்துல வச்சு மடங்கு பாக்காதீங்க.

அப்போ ஒரு கப்புக்கு எவ்ளோ இருந்தா வாங்கலாம்? ஒரே எண்ணா சொல்லுங்க.

ஒரே எண்ணா சொல்ல முடியாது, ரெண்டு எண்ணா சொல்றேன். அந்த சூப்பே ராத்திரி சாப்பாடுன்னா, உள்ள பருப்பு, பீன்ஸ், காய், கொஞ்சம் பார்லி இப்படி வயித்துல நிக்கிற சாமான் இருந்தா, 500 வரைக்கும் ஒத்துக்கலாம். 2000த்த மூணு வேளைக்கு பிரிச்சா 650 சொச்சம் வருது, அதுல கொஞ்சம் மிச்சம் பிடிச்ச மாதிரி. சாப்பாட்டுக்கு முன்னாடி சும்மா குடிக்கிற தண்ணி சூப்புன்னா 250க்கு மேல வேணாம், ஏன்னா அதுக்கப்புறம் தோசையோ சாதமோ வரத்தான் போகுது, அதுலயும் உப்பு இருக்கு.

600க்கு மேலன்னா நான் கீழ வச்சுருவேன். ஜுரம் வந்து வாய்க்கு எதுவும் பிடிக்காம கிடக்கும்போது ஒரு நாள் குடிச்சா அதுக்காக யாரும் கணக்கு கேக்கப்போறதில்ல, தினமும் சாயங்காலம் பழக்கமா குடிக்கிறவங்களுக்குத்தான் இந்த எண்ணெல்லாம்.

கடைல நின்னு கணக்கு போட நேரம் இல்லன்னா சதவீதத்த பாருங்க. அமெரிக்க லேபிள்ல 5% இல்ல அதுக்கு கீழன்னா கம்மி, 20% இல்ல அதுக்கு மேலன்னா ஜாஸ்தின்னு அவங்களே சொல்றாங்க. கனடாவுல இன்னும் சுலபம், 2026 ஜனவரில இருந்து ஒரு நாள் அளவுல 15% இல்ல அதுக்கு மேல சோடியம் இருக்குற பெரும்பாலான பாக்கெட்ல முன்பக்கமே பூதக்கண்ணாடி படம் போட்டு சோடியம் அதிகம்னு எழுதணும். டொரான்டோ பக்கம் இருக்குறவங்க சூப் வரிசைல போய் நின்னு பாருங்க, தெரியும்.

லோ சோடியம், லைட், ரெட்யூஸ்டு, நோ ஆடட் சால்ட் எல்லாம் ஒண்ணா?

இல்லவே இல்ல, இதுலதான் ரொம்ப பேரு ஏமாறுறாங்க. அமெரிக்க விதிப்படி லோ சோடியம்னா சர்விங்குக்கு 140 மி.கி. இல்ல அதுக்கு கீழ. அது மட்டும்தான் நிஜமான கம்மி. ரெட்யூஸ்டுன்னா அதே கம்பெனியோட வழக்கமான சூப்ப விட 25% கம்மி, லைட் இன் சோடியம்னா 50% கம்மி. எதுல இருந்து குறைச்சாங்கங்கிறதுதான் கேள்வி. 900 இருந்த சூப்ப 25% குறைச்சா 675, இன்னமும் நான் கீழ வைக்கிற சூப்தான், ஆனா பாக்கெட்ல பச்சை கலர்ல ரெட்யூஸ்டுன்னு மின்னும்.

நோ ஆடட் சால்ட்னா தயாரிக்கும்போது உப்பு போடலன்னு மட்டும்தான் அர்த்தம், காய்ல இயற்கையா இருக்குற சோடியம் இருக்கும். அது பிரச்சனை இல்ல, தாராளமா வாங்குங்க.

நாட்டுக்கு நாடு அளவும் மாறும். இந்தியாவுலயும் ஐரோப்பாவுலயும் லோ சோடியம்னு சொல்ல 100 கிராமுக்கு 120 மி.கி. வரைக்கும் விடுறாங்க, 250 கிராம் கப்புன்னா 300 வரைக்கும் வரலாம். அமெரிக்காவுல அதே வார்த்தைக்கு கிட்டத்தட்ட அதே அளவு கப்புக்கு 140தான்.

பச்சை புள்ளி இருந்தா வீகன்னு எடுத்துக்கலாமா?

கூடாது. இந்தியாவுல பச்சை புள்ளின்னா சைவம், பால் இருக்கலாம், தேன் இருக்கலாம். க்ரீம் ஆஃப் மஷ்ரூம், தக்காளி க்ரீம் வகையறால பால் பவுடர், லாக்டோஸ், வே, கேசினேட் இப்படி பால்ல இருந்து வர்ற ஏதாவது ஒண்ணு பெரும்பாலும் இருக்கும். வீகனுக்குன்னே 2022ல எஃப்எஸ்எஸ்ஏஐ (நம்ம நாட்டு உணவு பாதுகாப்பு அமைப்பு) தனி விதி கொண்டு வந்தாங்க, அதுக்கு வேற லோகோ, வி எழுத்துக்கு மேல குட்டி இலை. சாதாரண சூப் பாக்கெட்ல அந்த லோகோவ எதிர்பாக்காதீங்க, சேர்மானம் படிச்சுத்தான் ஆகணும். வெளிநாட்டுல வாங்குறவங்க ருசி கூட்ட போடுற 631ங்கிற சேர்மானத்த கவனிங்க, அது மீன்ல இருந்தும் வரலாம், நொதிக்க வச்சும் எடுக்கலாம்.

வீகன்னு எழுதிருந்தாலும் சோடியத்துக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. உப்பே வீகன்தான.

சேர்மானத்துல உப்புன்னு ஒரு இடத்துலதான் இருக்கு, ஆனா சோடியம் அவ்ளோ வருதே, எங்கேருந்து?

எடை வரிசைல எழுதுவாங்க, எது அதிகமோ அது முதல்ல. முதல்ல உப்பு எத்தனாவது இடம்னு பாருங்க, அப்புறம் காய் எத்தனாவது இடம்னு பாருங்க. மக்காச்சோள மாவு, சக்கரை, உப்பு, அதுக்கப்புறம் காய்னு வந்தா அந்த பாக்கெட்ல காய விட உப்பு அதிகம்னு அவங்களே எழுதி கொடுத்துட்டாங்க. காய் பேருக்கு பக்கத்துல சதவீதம் போட்டிருந்தா அதையும் படிங்க, சில சமயம் சிரிப்பே வந்துரும்.

உப்பு தவிர சோடியம் வர்ற வழி சோயா சாஸ் பவுடர், ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட், ஹைட்ரோலைஸ்டு வெஜிடபிள் புரோட்டீன், அஜினமோட்டோன்னு நாம சொல்ற 621, அதாவது எம்எஸ்ஜி. இதுல அந்த ஹைட்ரோலைஸ்டு புரோட்டீன் சுவாரசியமான சரக்கு. சோயாவோ மக்காச்சோளமோ அதோட புரதத்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்துல போட்டு உடைப்பாங்க, அப்புறம் அமிலத்த சமன் பண்ண சோடியம் ஹைட்ராக்சைடு மாதிரி ஒரு காரம் சேப்பாங்க, ரெண்டும் சேந்தா என்ன வரும், பள்ளிக்கூட கெமிஸ்ட்ரிதான், உப்பு. அதாவது யாரும் உப்புன்னு போடாமலே உள்ளுக்குள்ள உப்பு உருவாகுது. இறைச்சி ருசி வேணும்னு நினைக்கிற வீகன் சூப்புகள்ல இந்த மாதிரி சாமான் கூடுதலா இருக்கும், கறி இல்லாம அந்த ருசிய வேற எங்கேருந்து கொண்டு வர்றது.

621ஐ பத்தி ஊர்ல இருக்குற பயம் எனக்கு இல்ல. சோடியம் கணக்குல பாத்தா உப்புல சுமார் 40%, 621ல 12% கிட்டதான். கரும்பு சர்க்கரைப்பாகோ மரவள்ளியோ நொதிக்க வச்சு எடுக்குறது, வீகன். எம்எஸ்ஜி சேக்கலன்னு பெருசா போட்ட பாக்கெட் சில நேரம் அந்த ருசிக்கு உப்ப கூட போட்டிருக்கும், அதனால அந்த வரிய விட்டுட்டு சோடியம் எண்ண பாருங்க. அந்த எண்ணுல எல்லா வழியா வந்த சோடியமும் சேந்தே இருக்கும், தனித்தனியா கூட்ட வேண்டாம்.

இந்துப்பு போட்ட ஆர்கானிக் சூப் நல்லதுன்னு சொல்றாங்களே?

இந்துப்பும் சோடியம் குளோரைடுதான். அதுல இருக்குற மத்த தாதுக்கள் நாம போடுற அளவுக்கு ஒண்ணும் பெருசா செய்யாது. விலைதான் மூணு மடங்கு.

இதுல வீகன் ஆளுங்களுக்கு தனியா ஒரு விஷயம் இருக்கு. அயோடின். பால், மீன் ரெண்டும் இல்லாதப்போ அயோடின் கலந்த உப்புதான் நம்மள்ல ரொம்ப பேருக்கு முக்கியமான வழி. இந்துப்புல பொதுவா அது சேத்திருக்க மாட்டாங்க. அமெரிக்காவுல பாக்கெட் சாப்பாட்டுக்கு கம்பெனிங்க போடுற உப்புலயும் பெரும்பாலும் அயோடின் கிடையாது, அப்போ டின் சூப் குடிச்சு சோடியம் முழுசா ஏறும், அயோடின் வராது. பாக்கெட் உப்ப குறைச்சு, வீட்ல போடுற கொஞ்ச உப்ப அயோடின் உப்பா வச்சுக்கறதுதான் எனக்கு சரின்னு படுது.

லோ சோடியம் உப்பு வாங்கி வீட்லயே சூப் வைக்கலாமா?

கிட்னி நல்லா இருக்குறவங்களுக்கு நல்ல வழி. அதுல சோடியம் குளோரைடுல ஒரு பகுதிய எடுத்துட்டு பொட்டாசியம் குளோரைடு போட்டிருப்பாங்க. சீனாவுல 600 கிராமத்துல ஏறக்குறைய 21,000 பேர வச்சு ஒரு பெரிய ஆய்வு நடந்து 2021ல வெளிவந்துச்சு, முக்கால் பங்கு சோடியம் உப்பும் கால் பங்கு பொட்டாசியம் உப்பும் கலந்தத சமையலுக்கு குடுத்தாங்க, பக்கவாதம் 14% குறைஞ்சுது. ஆனா அவங்க ஏற்கனவே பக்கவாதம் வந்தவங்க, இல்லன்னா பிபி இருக்குற 60 வயசு தாண்டினவங்க. கடுமையான கிட்னி நோய் இருந்தவங்கள சேக்கவே இல்ல.

கிட்னி பிரச்சனை இருந்தாலோ டெல்மிசார்ட்டன், லோசார்ட்டன், ராமிப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் மாதிரி மாத்திரை போட்டாலோ டாக்டர கேக்காம இத தொடாதீங்க, ரத்தத்துல பொட்டாசியம் ஏறினா இதய துடிப்பே தடுமாறும். சில லோ சோடியம் சூப் பாக்கெட்லயும் 508னு இதே பொட்டாசியம் குளோரைடு இருக்கும், அதனால அம்மா அப்பாவுக்கு வாங்குறப்போ அந்த வரியையும் பாத்துக்கோங்க.

நான்தான் முழு வீகனாச்சே, பிபி வராதுன்னு சொல்றாங்க, அப்புறம் எதுக்கு இந்த கவலை?

காய், பருப்பு, பழம் நிறைய சாப்பிட்டா பொட்டாசியம் நிறைய கிடைக்கும், அது சோடியத்த சிறுநீர்ல வெளிய தள்ள உதவும், அதுல உண்மை இருக்கு. ஆனா அமெரிக்காவுல 2001ல வந்த டாஷ் சோடியம் ஆய்வுல ஒரு விஷயம் தெளிவாச்சு. டாஷ்ங்கிறது பிபி குறைக்கன்னே வகுத்த, காய் பழம் நிறைஞ்ச சாப்பாட்டு முறை, அத சாப்பிட்டவங்களுக்கே சோடியத்த 3300ல இருந்து 2300, அங்கேருந்து 1500ன்னு குறைக்க குறைக்க பிபி இன்னும் இறங்குச்சு. நல்ல சாப்பாடும் வேணும், உப்பும் கம்மியா இருக்கணும், ஒண்ணு இருந்தா இன்னொண்ணு வேணாம்னு இல்ல.

அதோட பாக்கெட் சூப்ல இருக்குற காஞ்ச கேரட் துண்டு நாலுல என்ன பொட்டாசியம் வரும்னு நினைக்கிறீங்க.

வாங்கிட்டேன், வீட்ல இருக்கு, உப்பு ஜாஸ்தி. உருளைக்கிழங்கு போட்டா இழுத்துக்குமா?

உருளைக்கிழங்கு உப்பு தண்ணிய உள்ள வாங்கும், உப்ப மட்டும் தனியா உறிஞ்சாது, மிச்சம் இருக்குற தண்ணி அதே கரிப்புதான். கிழங்கையும் சேத்து சாப்பிட்டா எதுவும் எங்கேயும் போகல. நிஜமா குறைக்கணும்னா பாக்கெட்ல பாதி பவுடர் மட்டும் போடுங்க, மிச்சத்த டப்பால போட்டு வைங்க. கெட்டி பத்தாதுல்ல, அதுக்கு வெந்த பாசிப்பருப்ப மசிச்சு ஊத்துங்க, இல்லன்னா பருப்பு தண்ணி. நாலு காய் வெட்டி போடுங்க, கடைசில மிளகு, சீரகம் தட்டி போட்டு அடுப்ப அணைச்சப்புறம் எலுமிச்சை பிழிங்க. புளிப்பும் மிளகு காரமும் இருந்தா நாக்கு உப்ப அவ்ளோ தேடாது. இப்படி பண்ணா அந்த 600 வந்து 300 ஆயிடுது, வயிறும் நிறையுது, பாக்கெட்டும் ரெண்டு தடவைக்கு வருது.

டின்ல வர்ற கொண்டைக்கடலை, ராஜ்மா சேக்குறதுன்னா தண்ணிய வடிச்சு ரெண்டு தடவ அலசிட்டு போடுங்க, சோடியம் சுமார் 40% குறையும்.

ஸ்டாக் க்யூப் போட்டு வீட்ல சூப் வச்சா?

பெரும்பாலான க்யூப்ல பாதிக்கு கிட்ட உப்புதான். ஒரு க்யூப் போட்டா தனியா உப்பு போடாதீங்க. உப்பில்லாத க்யூப்னு தனியா வருது, கிடைச்சா அது.

நம்ம ரசம் இதுக்கு பரவாயில்லையா?

பரவாயில்லதான், ஆனா கண்ண மூடிட்டு இல்ல. நாலு பேருக்கு வைக்கிற ரசத்துல ஒரு டீஸ்பூன் தூள் உப்பு போட்டா அதுல 2300 மி.கி. சோடியம், ஆளுக்கு 575. பாக்கெட்ட திட்டிட்டு ரசத்த மூணு டம்ளர் குடிக்கிறவங்கள நான் பாத்திருக்கேன். ரசத்துல இருக்குற வசதி என்னன்னா உப்பு போடுற கை நம்ம கை. முக்கால் ஸ்பூன் போட்டுட்டு புளியையும் மிளகையும் ஒரு பிடி கூட்டினா வீட்ல யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க. கல் உப்பு போடுறவங்க கவனிங்க, ஸ்பூன்ல இடைவெளி இருக்குறதால எடை கம்மியா நிக்கும், அதனால தூள் உப்புக்கு மாறும்போது அதே ஸ்பூன் கணக்கு போட்டா கரிச்சுரும்.

சின்ன பசங்களுக்கு குடுக்கலாமா?

அமெரிக்க கணக்குல 1லிருந்து 3 வயசுக்கு நாளைக்கு 1200, 4லிருந்து 8க்கு 1500, 9லிருந்து 13க்கு 1800 மி.கி.தான் உச்சம். 600 மி.கி. சூப் ஒண்ணு மூணு வயசு குழந்தைக்கு பாதி நாள். தினமும் வேணாம், வீட்டு பருப்பு தண்ணி போதும், உப்பு ருசிய இப்பவே பழக்கிட்டா அப்புறம் குறைக்கிறது பெரும்பாடு.

முடவாட்டுக்கால் சூப் பொடி, முருங்கைக்கீரை சூப் பொடி, காலைல பார்க் வாசல்ல விக்கிற மூலிகை சூப், இதுக்கெல்லாம் எப்படி கணக்கு பாக்குறது?

கொல்லிமலை பக்கம் விக்கிற முடவாட்டுக்கால் பேருலதான் ஆட்டுக்கால் மாதிரி, நிஜத்துல பாறைலயும் மரத்துலயும் வளர்ற ஒரு வகை பெரணியோட கிழங்கு, அதனால வீகன் ஆளுங்க தைரியமா குடிக்கலாம். பொடியா வாங்குறப்போ சேர்மானத்துல உப்பு இருக்கான்னு மட்டும் பாருங்க. உப்பு சேக்காத பொடி வாங்கினா வீட்ல நம்ம அளவுக்கு போட்டுக்கலாம், அதுதான் என் விருப்பம். சத்து விவரமே போடாம உப்பும் சேத்து விக்கிற பொடின்னா ஒரு ஸ்பூன வெந்நீர்ல கலக்கி ஆற விட்டு ருசி பாருங்க, சூடா இருக்குறப்போ உப்பு அவ்ளோ தெரியாது, ஆறினா வெளிய வந்துரும்.

பார்க் வாசல் சூப்புக்கு லேபிள் ஏது. உப்பு கம்மியா போட்டு குடுங்கண்ணேன்னு கேட்டா சில அண்ணன்மாரு உப்பு போடாம ஊத்தி மிளகுத்தூளும் உப்பு டப்பாவும் பக்கத்துல வச்சுருவாங்க, ஏற்கனவே அண்டாலயே போட்டு கொதிக்க வச்சிருந்தா சின்ன கப் வாங்கிக்கோங்க.